வீடு அடைத்துக்கொண்டதா? அறிகுறியைப் பார்த்து அடைப்பை எடுக்கும் வழி

சிங்க்கில் தண்ணீர் தேங்கினால் குழாயைத் திட்டமாட்டோம், அடைப்பு எங்கே என்று தேடுவோம். வீட்டில் சாமான் தேங்கினால் மட்டும் நம்மையே திட்டிக்கொள்கிறோம்: சோம்பல், கஞ்சத்தனம், மனசு வரவில்லை. மூன்று வாடகை வீடு மாறி, அப்பா போன பிறகு மயிலாடுதுறைப் பக்கம் இருந்த அம்மா வீட்டையும் காலி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மனசு வராமல் நிற்பது பத்தில் இரண்டு பொருள்தான். மீதி எட்டும் யாரிடம் கொடுப்பது, எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் நிற்பவை. பொருள் உள்ளே வர கடை, கல்யாணம், சீர், ஆன்லைன் தள்ளுபடி என்று ஊர்ப்பட்ட வழி இருக்கிறது. வெளியே போக, குப்பைத்தொட்டி ஒன்றுதான் நமக்குத் தெரியும். அதில் போட மனம் ஒப்பாத பொருள் எல்லாம் பரணுக்குப் போகிறது.

உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். ஆனால் கையை வைக்கும் முன் மூன்று விஷயம்.

ஒன்று, அடுக்கி வைக்க என்று பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்காதீர்கள். சாமானைக் குறைக்கக் கிளம்பிய எல்லாரும் முதலில் செய்வது கடைக்குப் போய் ஆறு பெட்டி வாங்குவதுதான், நானும் வாங்கினேன், இப்போது அந்தப் பெட்டிகளே எனக்கு ஒரு பிரச்சினை. இரண்டு, திரும்பக் கிடைக்காத பொருட்களுக்கு ஒரு பெட்டியை (பழைய சூட்கேஸ் போதும்) முதலிலேயே ஒதுக்கி, மேலே "தொடாதே" என்று எழுதி, பத்திரம், நகை ரசீது, பழைய போட்டோ, கையெழுத்துக் கடிதம், பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். மூன்று, போகிக்கு முதல் நாள் ராத்திரி தொடங்காதீர்கள். மார்கழி கடைசி நாள், எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்று தோன்றும். 2018 போகியன்று சென்னையில் பனியும் எரிப்புப் புகையும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். ரெக்சின், நைலான், டயர் எரிந்தால் வருவது நச்சுப் புகை. பொருளும் யாருக்கும் உதவாமல் போகிறது. பழையதை எடுத்துவிட போகி நல்ல சாக்குதான், ஆனால் தீக்குச்சி இல்லாமல்.

அறிகுறி: ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒழித்தோம், அடுத்த ஞாயிறு பழையபடி ஆகிவிட்டது

இதுதான் அதிகம் பேர் சொல்வது. சோதனை எளிது: அன்றைக்கு வாசலைத் தாண்டி வெளியே போனது எத்தனை கிலோ? பெரும்பாலும் பதில், ஒரு பை குப்பை. மற்றதெல்லாம் ஹாலில் இருந்து படுக்கையறைக்கும், படுக்கையறையில் இருந்து கட்டிலுக்கு அடியிலும் இடம் மாறியிருக்கும். ஒழித்தது இல்லை, ஒளித்தது. இந்த இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

சரி செய்ய: முழு வீட்டையும் தொடாதீர்கள். ஒரு இழுப்பறை, ஒரு தட்டு, அவ்வளவுதான். அதில் உள்ளதை எல்லாம் தரையில் கொட்டி, திரும்ப வைக்க வேண்டியதை மட்டும் வைத்து, மீதியை அன்றைக்கே பையில் கட்டி, பையின் மேல் அது போக வேண்டிய இடத்தை எழுதுங்கள்: "பேப்பர்காரர்", "அக்கா வீடு", "மின்கழிவு". பெயர் எழுதாத பை திரும்ப உள்ளே வந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் செய்யவும் வேண்டாம், மூளை களைத்துப் போன பிறகு ஒன்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம் இல்லை எல்லாவற்றையும் வீசுவோம்.

அறிகுறி: பரணில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது

ஃப்ளாட்டுக்குப் போன பிறகு அதற்கு லாஃப்ட் என்று பெயர், மற்றபடி அதே பரண்தான். மேலே ஏறிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது காலி அட்டைப்பெட்டிகள். டிவி வந்தது, மிக்ஸி வந்தது, குக்கர் வந்தது. "வாரண்டிக்கு வேணும்" என்று வைத்தது, வாரண்டி முடிந்து, டிவியும் போய்ச் சேர்ந்து, பெட்டி மட்டும் இருக்கிறது. வாரண்டிக்கு வேண்டியது ரசீதும் அட்டையும்தான், பெட்டி இல்லை. வாங்கி ஒரு மாதம், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை வைத்திருந்தால் போதும். அட்டையின் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை வைக்கும், சுவரில் ஈரம் இருந்தால் கரையான் முதலில் தேடி வருவதும் அட்டையைத்தான். அட்டையைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டினால் பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார், உள்ளே இருக்கும் தெர்மாகோலை எடுக்கமாட்டார், அது குப்பைக்குத்தான்.

இரண்டாவது அடுக்கு, பாத்திரம். பித்தளை அண்டா, தவலை, வெண்கலப் பானை, சீராக வந்து ஒரு தடவைகூட அடுப்பேறாத எவர்சில்வர் செட். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எடைக்கு விலை எவர்சில்வரைப் போலப் பல மடங்கு, அதனால் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போய்க் கேட்காமல் வாசலில் வருபவரிடம் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றிவிடாதீர்கள். பித்தளையில் சமைக்கும் எண்ணம் இருந்தால் உள்ளே ஈயம் (வெள்ளீயம், காரீயம் இல்லை) பூச வேண்டும். பூச்சு போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும். பூசும் ஆள் உங்கள் ஊரில் கிடைத்து, உண்மையிலேயே சமைக்கப் போகிறீர்கள் என்றால் கீழே இறக்குங்கள். இல்லையென்றால் அது பரணுக்குப் பாரம். பாத்திரத்தில் தாத்தா பெயர் வெட்டியிருக்கிறதே என்றால், பெயர் வெட்டிய ஒரு செம்பை எடுத்துப் பூஜை அறையில் வையுங்கள், பதினாறு செம்பிலும் அதே பெயர்தான் இருக்கிறது.

செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீடுகளில் இருந்து வெளியேறிய கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குவாளி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நின்று விற்பதைப் பார்த்தால், நம் பரணிலும் ஏதாவது இருக்குமோ என்று ஆசை வரும். பழைய எனாமல், மரப்பாச்சி, கைவேலை உள்ள மரச்சாமான் இருந்தால் விசாரிக்கலாம். 1990-களின் ஹாட் பாக்ஸ் இருந்தால் கனவு காண வேண்டாம்.

அறிகுறி: பீரோ கதவு சாத்த முடியவில்லை, உடுத்த ஒன்றும் இல்லை

இதற்குக் காரணம் உடம்பு மாறியதும், பீரோ மாறாததும்தான். இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் சட்டைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, எனக்கும் நான்கு இருக்கிறது. சோதனை இப்படிச் செய்யுங்கள்: ஹேங்கரை எல்லாம் தலைகீழாக (கொக்கியின் வாய் நம்மைப் பார்க்கும்படி) மாட்டிவிட்டு, உடுத்தித் துவைத்துத் திரும்ப மாட்டும்போது மட்டும் நேராக மாட்டுங்கள். ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவில் தலைகீழாகவே நிற்பவை எவை என்று தெரிந்துவிடும். புடவைக்கு ஹேங்கர் பழக்கம் இல்லாதவர்கள் அடுக்கின் மேலிருந்தே எடுத்து மேலேயே வைத்து வந்தால், உடுத்தாதவை தானாக அடியில் தங்கும்.

வெளியே போகும் வழி துணிக்குத் துணி வேறு. மெத்தென்று ஆகிவிட்ட நூல் புடவை குழந்தை பிறந்த வீட்டுக்கு, தூளி கட்டவும் விரிக்கவும் அதற்கு ஈடு கிடையாது, ஒரு வார்த்தை கேட்டால் ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். கிழியாத, கறை இல்லாத துணி, பழைய துணியைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் கூஞ்ச் போன்ற அமைப்புகளுக்குப் போகலாம், வேண்டாததை வைத்துவிட்டு வர, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி திருநெல்வேலியில் தொடங்கிய அன்புச் சுவர் மாதிரி இடங்கள் வேறு சில ஊர்களிலும் இருக்கின்றன. துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். கிழிந்ததைத் தானம் என்ற பெயரில் தள்ளுவது நம் குப்பையை இன்னொருவர் தலையில் கட்டுவது, வெள்ள நிவாரணத்துக்கு வந்த துணி மூட்டைகள் சாலையோரம் கிடந்ததை 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். கிழிந்தது கரித்துணி, பைக் துடைக்க, அவ்வளவுதான். உள்ளாடையை யாருக்கும் கொடுக்காதீர்கள், இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டுப்புடவை தனிக் கதை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்கப் பூச்சு கொடுத்தது, லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும். போலி என்றால் செம்போ வெறும் பாலியஸ்டரோதான். மடிப்பில் நைந்துபோய் இனி உடுத்தவே முடியாது என்றான பழைய பட்டை வெள்ளிக்காக வாங்கும் கடைகள் இருக்கின்றன, எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், வெள்ளி விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் முதலில் சொல்பவர் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற புடவை என்றால் எரிக்கக் கொடுக்க மனசு கேட்காது, சரிதான், அண்ணன் மகளுக்குப் பாவாடை தைத்துவிடுங்கள். கொடுக்கும் முன் எல்லா மடிப்பையும் உதறிப் பாருங்கள். எங்கள் பெரியம்மா பீரோவில் இருந்து பழைய 500 ரூபாய்த் தாள் ஏழு விழுந்தது, 2016 நவம்பரில் செல்லாமல் போனவை. (பத்து தாள்வரை ஞாபகத்துக்கு வைத்திருக்கலாம், அதற்கு மேல் வைத்திருப்பது 2017-இல் வந்த சட்டப்படி அபராதத்துக்கு உரியது.)

ரவிக்கைத் துணி: தாம்பூலத்தில் வந்தது தாம்பூலத்தில் போகட்டும். அது தமிழ்நாட்டின் இன்னொரு நாணயம், யாரும் தைப்பதில்லை, எல்லாரும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

அறிகுறி: சமையலறையில் டப்பாவைத் திறந்தால் டப்பா

ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பு போட்டு வளர்ந்தவர்கள் நாம், அது தப்பில்லை, கண்ணாடி. பிரச்சினை ஹோட்டல் பார்சலில் வந்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. நாற்பது டப்பா, பதினெட்டு மூடி. மூடி பொருந்தாதவை எல்லாம் இன்றைக்கே போகலாம், பொருந்துபவற்றில் பத்தை வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிக்குக் கொடுத்தனுப்ப அது போதும். சூடான குழம்பை அதில் ஊற்றாதீர்கள்.

அறிகுறி: காகிதம், காகிதம், காகிதம்

எல்லாரும் பயப்படும் பகுதி, பயப்படவும் வேண்டும், ஏனென்றால் இங்கே மட்டும் தவறாக வீசினால் பணமும் அலைச்சலும் உண்டு.

ஒருபோதும் போகக்கூடாதவை: மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், உயில், வாரிசுச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று, திருமணப் பதிவு, எஸ்எஸ்எல்சி மதிப்பெண் சான்று (பிறந்த தேதிக்கு ஐம்பது வயதிலும் கேட்பார்கள்), சாதிச் சான்று. அசல் பத்திரம் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, அப்புறம்தான் நகல் பத்திரத்தை வைத்து எதையும் ஓட்ட முடியும். மாறாக, வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதனால் இருபது வருட வில்லங்க நகல்களைக் கட்டுக் கட்டாக வைத்திருக்க வேண்டியதில்லை. வங்கிக் கடன் முடிந்ததற்கான கடிதம் மட்டும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

சம்பளக்காரர் வருமான வரிக் காகிதங்களை எட்டு வருடம் வைத்திருந்தால் போதும் என்பது என் கணக்கு. 2024 செப்டம்பரில் வந்த மாற்றத்தின்படி, பழைய கணக்கைத் திரும்பத் திறக்க நோட்டீஸ் அனுப்பும் உச்ச வரம்பு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடம் 3 மாதம், அதுவும் பெரிய தொகை என்றால்தான். ஆனால் வீடு, நிலம், பங்கு வாங்கிய ரசீதுகளை விற்கும்வரை, விற்ற பிறகும் அந்த எட்டு வருடம்வரை வையுங்கள், வாங்கிய விலையைக் காட்ட முடியாவிட்டால் லாபக் கணக்கில் சிக்கல்.

வீட்டுப் பெரியவரின் காகிதம் என்றால் இன்னும் மெதுவாகப் போங்கள். கிழிந்த பாஸ்புக் ஒன்று கிடைத்தால் வீசாதீர்கள். பத்து வருடம் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்பட்டிருக்கும், போய்விட்டது என்று அர்த்தமில்லை, வாரிசு கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் கிடக்கிறது என்று பெயரைப் போட்டுத் தேட 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. காகிதப் பங்குச் சான்றிதழ் கிடைத்தாலும் அப்படியே, 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதமாக விற்று மாற்ற முடியாது, டீமேட்டுக்கு (பங்கை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) மாற்றியாக வேண்டும், ஆனால் மதிப்பு செத்துவிடவில்லை. அப்பாவின் மஞ்சள் பைக்குள், ரேஷன் கடை ரசீதுகளுக்கும் 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்ததும் காலாவதியான பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில், எங்களுக்கு ஒரு எல்ஐசி பாலிசி கிடைத்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் அன்றைக்குப் பேப்பர்காரர் வாசலில் தராசோடு நின்றுகொண்டிருந்தார்.

போகலாம்: மின்கட்டண ரசீது, கேஸ் ரசீது, எழுத்து அழிந்துபோன கடை பில் (சூட்டில் அச்சாகும் அந்தக் காகிதம் எப்படியும் ஓரிரு வருடத்தில் வெளுத்துவிடும், முக்கியமான பில்லை அன்றைக்கே போட்டோ எடுங்கள்), தேதி முடிந்த நோட்டீஸ், இல்லாத ஃபோனின் பயன்பாட்டுக் கையேடு. ஆதார் நகல், பான் நகல், வங்கி அறிக்கை எல்லாவற்றையும் எடைக்குப் போடும் முன் கிழியுங்கள், இல்லை ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டுப் பிசையுங்கள். சுண்டல் மடித்த காகிதத்தில் யாரோ ஒருவரின் சம்பளப் பட்டியலை நான் படித்திருக்கிறேன்.

அறிகுறி: ரிப்பேர் பண்ணிக்கலாம் என்று வைத்த மிக்ஸி

2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவி, 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், பிள்ளைக்குக் கொடுத்த லேப்டாப், இவற்றில் ஒன்றாவது ஓடாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகள் நிறைய. சோதனை: இதை ரிப்பேர் செய்யும் கடையின் பெயர் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் இந்தச் சனிக்கிழமை எடுத்துப் போங்கள். சொல்ல முடியாவிட்டால் அது ரிப்பேருக்காக வைத்த பொருள் இல்லை, வைத்த பொருள்.

மிக்ஸி, கிரைண்டர் மோட்டாரில் செம்புக் கம்பி இருப்பதால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பழைய குண்டு டிவியை அங்கே கொடுக்காதீர்கள். அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது, செம்பை உருவிக்கொண்டு கண்ணாடியை உடைத்து ஏதாவது ஏரிக்கரையில் கொட்டுவது நடக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் 106 வகைப் பொருட்கள் வருகின்றன, அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துக்கு உண்டு. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேளுங்கள், இல்லை புதிய டிவி வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேசுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி இன்னும் சுலபம், பழையதைக் கொடுத்தால் புதியதில் நல்ல தொகை கழிப்பார்கள். ஃபோன், லேப்டாப் என்றால் உங்கள் கணக்கில் இருந்து வெளியேறி, முழுக்க அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்த பிறகே கொடுங்கள்.

ஒயர் பை ஒன்று இருக்குமே, எந்தக் கருவிக்கு எது என்று தெரியாத சார்ஜர்கள். இப்போது வீட்டில் உயிரோடு இருக்கும் கருவிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றைச் செருகிப் பாருங்கள். ஜோடி இல்லாதது மின்கழிவு.

மொட்டை மாடியில் கிடக்கும் டயர், உடைந்த தொட்டி, கவிழ்க்காத பக்கெட்: இதற்கு யோசிக்கவே வேண்டாம், டெங்குக் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும், அதன் முட்டை காய்ந்த டயரிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இன்றைக்கே இறக்குங்கள்.

அறிகுறி: அம்மா விடமாட்டேன் என்கிறார்

(மாமியார், கணவர், மனைவி என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.)

முதலில் செய்யக்கூடாதது. அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்து எடுத்து வீசுவது. நான் செய்தேன். துருப்பிடித்த அரிவாள்மனை ஒன்று, வீட்டில் இன்னும் இரண்டு இருந்தன. திரும்பி வந்து ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தார், அதற்கப்புறம் ஆறு மாதம் நான் குப்பைப் பையை எடுத்து வெளியே போனால்கூடப் பின்னாலேயே வந்து கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். ஒரு அரிவாள்மனையால் ஒரு வீடே பூட்டிக்கொண்டது.

அடைப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது.

"இந்த அண்டா எதுக்கும்மா?"

"உன் கல்யாணத்துக்கு இதுலதான் பாயசம் வெச்சது."

"இனிமே எப்ப வைக்கப்போறோம்? எல்லாம் காண்ட்ராக்ட்தானே."

"அதுக்காகக் காயலான் கடையில போட்டு நசுக்குவானா?"

அவருக்கு அண்டா வேண்டும் என்பதில்லை. அது நசுங்கக்கூடாது. பெரியவர்கள் பலருக்கும் பொருளைப் பிரிவதில் தகராறு இல்லை, பொருள் வீணாவதில்தான் தகராறு, கொடுத்துப் பழகிய கை அது, வீசிப் பழகியதில்லை. அதனால் "போட்டுவிடலாமா" என்ற வார்த்தையையே எடுத்துவிட்டேன். "யாருக்குக் கொடுக்கலாம்" என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் அவரே சொன்னார், தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் காய்ச்ச வாடகைக்குப் பாத்திரம் எடுக்கிறார்கள் என்று. அண்டா அங்கே போனது, கூடவே இரண்டு தவலையும் கரண்டியும் கேட்காமலே போயின. அந்த ஆடியில் அம்மா போய் அண்டாவைப் பார்த்துவிட்டு வந்து, சரியாகத் தேய்ப்பதில்லை என்று குறை சொன்னார்.

ஆகவே செய்ய வேண்டியது: பெறுபவர் பெயரோடு போய்க் கேளுங்கள். கல்லுரல், அம்மிக்கு இடம் உள்ள தெரிந்தவர், பழைய தையல் மெஷினுக்குத் தையல் கற்கும் பெண், இலவம்பஞ்சு மெத்தைக்குப் பஞ்சடிக்கும் ஆள் (அடித்துத் திரும்பத் தைத்தால் புதிது மாதிரி வரும், ஃபோம் மெத்தைக்கு அந்த வாழ்வு இல்லை). ஒரு நாளைக்கு மூன்று பொருளுக்கு மேல் கேட்காதீர்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்ப வைத்துவிடுங்கள், முகத்தில் எதையும் காட்டாமல். அப்புறம், உங்கள் சொந்தப் பொருளை முதலில் ஒழியுங்கள். கல்லூரி நோட்டை நீங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் தூக்குவாளியைக் கேட்டால் எந்த அம்மா கொடுப்பார்?

அறிகுறி: போனவரின் பொருளைத் தொட முடியவில்லை

அவசரமே இல்லை. கருமாதி முடியும்வரை, தலைத் திவசம் முடியும்வரை அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: சக்கர நாற்காலி, வாக்கர், மருத்துவக் கட்டில், காற்று மெத்தை. இவை இன்றைக்கே இன்னொரு வீட்டில் தேவைப்படும், விலையும் அதிகம், கொடுத்துவிட்டால் மனசும் கொஞ்சம் இறங்கும். மீதி மாத்திரைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள், ஊசி இருந்தால் கெட்டியான டப்பாவில் மூடி.

துணியைப் பிறகு எடுக்கும்போது தனியாக உட்காராதீர்கள். அப்பாவின் சட்டைகளை நானும் தங்கையும் சேர்ந்து எடுத்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, மதியம் ஆரம்பித்தது ராத்திரி ஆகிவிட்டது. ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டோம். வாட்ச் அவளுக்கு, பேனா எனக்கு.

அறிகுறி: சாமி படத்தை என்ன செய்வது

கிரகப்பிரவேசத்துக்கு வந்தது மட்டுமே ஒன்பது படம், அதில் நான்கு ஒரே வெங்கடாசலபதி. குப்பையில் போட முடியாது என்று அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கிறோம், மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து கிடக்கிறது, அதுவா மரியாதை? நல்ல நிலையில் உள்ளதைப் புதுக்கடை திறப்பவருக்கோ அங்கன்வாடிக்கோ கேட்டுக் கொடுங்கள். நைந்துபோனதைச் சட்டம் தனி, கண்ணாடி தனி, காகிதம் தனி என்று பிரியுங்கள். சட்டத்தில் வேறு படம் போடலாம். காகிதத்தைத் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். பின்னமான மண் பொம்மையும் அப்படியே, வாளியில் கரைத்துத் தொட்டிக்கு. மாத நாட்காட்டியில் உள்ள சாமிக்கு இதெல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

அறிகுறி: புத்தகம்

இராமபாணப் பூச்சி தின்றதைத் தவிர எதையும் எடைக்குப் போடாதீர்கள், முதலில் நண்பர்கள், அப்புறம் ஊர்ப்புற நூலகம், அப்புறம் பழைய புத்தகக் கடை. போட்டித் தேர்வுப் புத்தகத்துக்கு ஒரு வருடத்துக்குமேல் ஆயுள் இல்லை, உடனே கொடுங்கள். ஆனால் தாத்தா காலத்து அச்சு, நாடக நோட்டீஸ், பழைய கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று ஏதாவது கிடைத்தால் நிறுத்துங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படி மற்றவர்கள் வேண்டாம் என்றதையெல்லாம் சேர்த்து வைத்தார், அந்தச் சேகரிப்பில் இருந்துதான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்ட பிறகு தராசில் வைக்கலாம்.

அறிகுறி: எல்லாம் கட்டி வைத்தாயிற்று, மூட்டை ஒரு மாதமாக வாசலிலேயே இருக்கிறது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பிரித்து, முடிவெடுத்து, கட்டி, கடைசி பத்தடியில் தோற்பவர்கள் அதிகம். மூட்டை பத்து நாள் கிடந்தால் யாராவது ஒருவர் அதிலிருந்து ஒன்றை உருவுவார், அப்புறம் இன்னொன்று.

மூட்டை கட்டும் முன்பே ஆளைப் பேசிவிடுங்கள். உங்கள் தெருவுக்கு வரும் பேப்பர்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு எட்டு மணிக்கு ஒழிக்க ஆரம்பித்தால் கை தானாக வேகம் பிடிக்கும். அவர் எடுப்பது காகிதம், அட்டை, இரும்பு, கெட்டி பிளாஸ்டிக், முழுப் பாட்டில். எடுக்காதது தெர்மாகோல், ஃபோம், உடைந்த கண்ணாடி, துணி. தராசில் சந்தேகம் என்றால் வீட்டு எடைக் கருவியில் ஒரு கட்டை முதலில் நிறுத்து வையுங்கள், வாய்ச்சண்டை மிச்சம். ஆனால் இருபது ரூபாய்க்காகப் பேரம் பேசி அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், போக வேண்டியது பொருள். முன்பு பழைய இரும்பைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டோம், யாரும் பழத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

சோபா, கட்டில், ஃபோம் மெத்தை போன்ற பெரிய சாமானைத் தெருமுனைத் தொட்டியருகே தள்ளிவிட்டு வராதீர்கள். மாநகராட்சியில் கேளுங்கள், சென்னை என்றால் 1913. தெரிந்தவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் "வந்து எடுத்துக்கோ" என்று விடாமல் நீங்களே ஆட்டோ பிடித்து அனுப்புங்கள். ஆட்டோக் காசைவிட அந்த நாற்காலி இன்னும் ஒரு வருடம் பிடிக்கும் இடம் அதிகம்.

அறிகுறி: போட்ட மறுநாளே அது தேவைப்பட்டது

நடக்கும். எனக்கு நடந்தது குக்கரின் பழைய கேஸ்கட், கடையில் புதிது வாங்கினேன், அதோடு சரி. இப்படித் தேவைப்பட்டதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள், விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். வருட முடிவில் என்னுடையதில் நான்கு வரி இருந்தது, கேஸ்கட், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சல்லடை, குடை. கடையில் வாங்க முடியாத ஏதாவது உங்கள் பட்டியலில் வந்திருந்தால், நீங்கள் அந்த "தொடாதே" பெட்டியைக் கட்டாமல் ஆரம்பித்துவிட்டீர்கள். மீதி இருப்பதைத் தொடும் முன் இப்போதாவது கட்டுங்கள்.